நூற்று அறுபத்தெட்டு யாருடையது

அண்ணிக்கும் கொழுந்தனாருக்கும் மூன்று வாரமாக ஓயாத வாக்குவாதம். வீட்டு விவகாரம் எதுவும் இல்லை. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று பெடல் மிதிக்கிறோம் என்பதுதான் தகராறு.

கொழுந்தனார் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. அண்ணனும் அண்ணியும் இருக்கும் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஒன்பது வருடங்களுக்கு முன்பு விழித்திரையில் நோய் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். பார்வை போன வருடமே அண்ணன் எங்கெங்கோ விசாரித்து, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டை சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். முன் சீட்டில் அவர், பின் சீட்டில் அண்ணி. அப்புறம் வெளியூர் பஸ் ஓட்டி ஓட்டி அண்ணனின் முழங்கால் தேய்ந்துபோனது. அறுவை சிகிச்சை ஆனது. பஸ் ஓட்டுகிற அளவுக்குக் கால் தேறியதே தவிர, பெடல் சுற்றுகிற அளவுக்கு மடங்கவில்லை. பதிமூன்று மாதமாக முன் சீட்டில் தம்பிதான்.

அந்தச் சைக்கிளில் ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, மிதிக்கப் பெடல், அவ்வளவுதான். இரண்டு பெடல்களையும் ஒரே சங்கிலி பிணைத்திருப்பதால் முன்னவர் கால் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ பின்னவர் காலும் அதே வேகத்தில் சுற்றியாக வேண்டும். சண்டை முளைத்தது அங்கேதான்.

"கியரைக் குறைங்க தம்பி. இப்படி இறுக்கமா மிதிச்சா முட்டி போயிடும். குடும்பத்துல ஒரு முட்டி போனது போதாதா?"

"இறுக்கம் எங்க அண்ணி? நிமிஷத்துக்கு எண்பது சுத்து தாராளமா இருக்கும்."

"எண்பதா! அறுபதைத் தொட்டாலே பெரிசு. நான் மனசுக்குள்ள எண்ணிட்டுத்தான் வரேன்."

"ஆஸ்பத்திரிக் கணக்கா? அங்க அஞ்சு நிமிஷம்னு சொன்னா ஒரு மணி நேரம் ஆகுமே."

அண்ணி சிரித்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் விட்டுக்கொடுக்கிற ரகமே இல்லை. "ஒரு கருவி வாங்கிடுவோம். ஒயர் இல்லாம வருதாமே. வேகம், பெடல் சுத்து, இதயத் துடிப்பு எல்லாம் காட்டுமாம். முன்னால உட்கார்ந்திருக்கிறவருக்கு ரோடு இருக்கு, மரம் இருக்கு, போற வர ஆள் இருக்கு. எனக்கு ஒரு நம்பராவது வேணும்" என்றார்.

இதயத் துடிப்பு என்றதும் மெக்கானிக்கும் தலையாட்டினார். காரணம் இருந்தது. போன வருடம் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா வந்து இருபத்துமூன்று நாள் படுக்கையில் கிடந்தவர் அவர். பிழைத்ததே பெரிய விஷயம். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாடி ஏறினால் மூச்சு இரைத்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூச்சு இரைத்தால் பிழைப்பு ஓடாது. பழுதாகி நிற்கிற லிஃப்டைச் சரிபார்க்க மொட்டை மாடி இயந்திர அறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். ஒன்றரை மாதம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார் வந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லியே நாளைக் கழித்தார். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி கையில் ஹெல்மெட்டோடு மாடியேறி வந்து, "அண்ணனால இனிமே ஓட்ட முடியாது தம்பி. எனக்கு முன் சீட்டுக்கு ஆள் இல்ல. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கேன்" என்றார். பாவம், பார்வை இல்லாதவர், வேறு யாரைக் கேட்பார் என்று மனம் இளகி இவர் எழுந்து போனார். அப்படி ஆரம்பித்தது, ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் தொடர்ந்தது. இப்போது நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறார்கள். வேலைக்கும் திரும்பியாயிற்று, ஆனால் தரைத்தள வேலை மட்டும். "துடிப்பு நூத்தி நாற்பதைத் தாண்டாமப் பார்த்துக்குங்க" என்று நுரையீரல் டாக்டர் சொல்லியிருந்தார். எதை வைத்துப் பார்ப்பது? குத்துமதிப்பாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் சைக்கிளிலேயே கடைக்குப் போனார்கள். இரண்டு தெருக்கள் கூடும் முனையில், பழைய டயர்களைத் தோரணம் மாதிரி வாசலில் தொங்கவிட்டிருந்த கடை. நடத்துவது ஐம்பது வயதுப் பெண்மணி. இளமையில் பந்தயத்தில் ஓட்டியவர் என்பதை முழங்கையில் இருந்த நீளமான தழும்பே சொன்னது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே கடை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு" என்றார் மெக்கானிக்.

"அடடா. உட்காருங்க, என்ன வேணும்?"

கேள்வியைக் கடைக்காரம்மா அண்ணியைப் பார்த்தே கேட்டார். அது மெக்கானிக்குக்குப் பிடித்திருந்தது. பல கடைகளில் அண்ணிக்கு என்ன வேண்டும் என்று இவரைத்தான் கேட்பார்கள்.

அண்ணி வேண்டியதைச் சொன்னார். கடைக்காரம்மா கண்ணாடி மேஜையில் மூன்று கருவிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக அண்ணியின் கையில் கொடுத்தார்.

முதலாவது பெரியது, வண்ணத்திரை, வரைபடமெல்லாம் காட்டும். அண்ணி விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று கண்ணாடி மட்டும் இருந்தது. "பொத்தானே இல்லையே. எங்க தொட்டா என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போனோட இணைச்சா நம்பரைக் காதுல சொல்லும்மா."

"காதுல எதையும் மாட்ட மாட்டேன். ரோட்டுல எனக்குக் கண்ணே காதுதான். பின்னால லாரி வருதுன்னு இவருக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

மெக்கானிக் அதை ஒப்புக்கொண்டார். எத்தனையோ முறை "ஓரம் போங்க" என்று அண்ணி சொன்ன பிறகுதான் இவர் ஹேண்டில் கண்ணாடியில் லாரியைப் பார்த்திருக்கிறார்.

இரண்டாவதும் மூன்றாவதும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. இரண்டிலும் அழுத்தினால் 'டக்' என்று கேட்கிற பொத்தான்கள். இரண்டோடும் மார்பில் கட்டிக்கொள்கிற பட்டை, பெடல் தண்டில் ஒட்டுகிற சின்னக் காந்தம், சட்டத்தில் கட்டுகிற உணர்கருவி எல்லாம் வந்தன. காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு சுற்று என்று கணக்கு. மூன்றாவதில் கூடுதலாக, நாம் வைத்த அளவைத் தாண்டினாலோ அதற்குக் கீழே போனாலோ பீப் அடிக்கும் வசதி இருந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது.

"ரெண்டாவது போதும்" என்று மெக்கானிக் முடிவே கட்டிவிட்டார். "எல்லாந்தான் காட்டுதே. ஆளுக்கு ஒண்ணு வாங்கிடுவோம்."

"எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க" என்றார் கடைக்காரம்மா. "ஓட்டிப் பாக்காம நான் யாருக்கும் விக்கிறதில்ல. பின்னாடி தண்ணித் தொட்டி வரைக்கும் ஒரு ஏத்தம் இருக்கு. போயிட்டு வாங்க. பட்டையில ரப்பர் இருக்கிற பக்கத்தைத் தண்ணியில நனைச்சுக் கட்டணும், மறந்துடாதீங்க."

அண்ணி உள்ளறையில் கேட்டு வாங்கிய தண்ணீரில் பட்டையை நனைத்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் அவசரத்தில் சட்டைக்குள் கையை விட்டு அப்படியே கட்டிக்கொண்டார். ஒரு கருவி முன் ஹேண்டிலில், இன்னொன்று பின் கம்பியில். காந்தங்களையும் பொருத்தியாயிற்று. கிளம்பினார்கள்.

சமதரையில் முன் கருவி ஐம்பத்தெட்டு என்று சுற்றுக் கணக்கைக் காட்டியது. மெக்கானிக் அதைக் கண்டும் காணாததுமாக விட்டார்.

"எத்தனை?" என்றார் அண்ணி பின்னாலிருந்து.

"சரியாத் தெரியல அண்ணி. வெயில் அடிக்குது."

"பொய் சொல்றப்ப உங்க முதுகு நிமிருது தம்பி. சீட்டு கிறீச்சுங்குது."

ஏற்றம் தொடங்கியது. அன்று மெக்கானிக் நல்ல உற்சாகத்தில் இருந்தார். புதிதாகக் கட்டுகிற ஒரு கட்டடத்தின் லிஃப்டைப் பற்றி, அதன் கதவு ஒவ்வொரு மாடியிலும் இரண்டிரண்டு முறை திறந்து மூடுவதைப் பற்றி, விடாமல் பேசிக்கொண்டே ஏறினார். அண்ணி "ம்" கொட்டினார். பாதி ஏற்றத்தில் மெக்கானிக் தற்செயலாகக் குனிந்து துடிப்புக் கணக்கைப் பார்த்தார்.

நூற்று அறுபத்தெட்டு.

கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தார். தொண்ணூற்றெட்டு. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி நூற்று அறுபத்தெட்டு.

"அண்ணி, நிறுத்துறேன்."

காலை ஊன்றி, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்கில் குழாய், பக்கத்து இயந்திரத்தின் சத்தம் எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன. "நூத்தி அறுபத்தெட்டு காட்டுது அண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியவே இல்ல. வலியும் இல்ல, இரைப்பும் இல்ல. உள்ளுக்குள்ளயே ஏதோ ஆகிட்டு இருக்கு போல."

அண்ணி தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணிக்கு நன்றாக மூச்சு வாங்கியது. மெக்கானிக்கின் மணிக்கட்டை எடுத்து விரலை வைத்து, தன் பேசும் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி எண்ணினார்.

"நூத்தி நாலு" என்றார். "அதுவும் பயத்துல. உங்க இதயம் நல்லா இருக்கு. எழுந்திருங்க, கடைக்குப் போவோம்."

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெதுவாக வந்து சேர்ந்தார்கள். கடைக்காரம்மா விஷயத்தைக் கேட்டார். மெக்கானிக்கின் பட்டையை வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காஞ்ச அப்பளம் மாதிரி இருக்கு. நனைக்கவே இல்லையே நீங்க. நனைக்காட்டி உங்க துடிப்பு விட்டு விட்டுத்தான் வரும். இந்த ரகத்துல இன்னொரு சங்கடமும் இருக்கு. எந்தப் பட்டை யாரோடதுன்னு கருவிக்குத் தெரியாது. பக்கத்துல எது பலமாக் கேக்குதோ அதைப் பிடிச்சுக்கும். தனியா ஓட்டுறவங்களுக்குப் பிரச்சினை இல்ல. ஒரே சைக்கிள்ல ரெண்டு பேர்னா குழம்பிடும். உங்களுக்கு அந்த மூணாவது ரகந்தான் சரி. ஒவ்வொரு பட்டைக்கும் தனி எண் உண்டு, வேற ஆளோடதை எடுக்காது."

"அப்போ அந்த நூத்தி அறுபத்தெட்டு?" என்று மெக்கானிக் கேட்டார்.

கடைக்காரம்மா பின் கம்பியில் இருந்த கருவியைக் கழற்றி, பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். "அதிகபட்சம் நூத்தி எழுபது. இது அம்மாவோடது."

மெக்கானிக்குக்குச் சட்டென்று விளங்கவில்லை. ஒரே சைக்கிள், ஒரே ஏற்றம், ஒரே சங்கிலி. தான் லிஃப்ட் கதவைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு ஏறிய அதே ஏற்றத்தில் அண்ணிக்கு நூற்று எழுபதா?

"மூணாவதை மாட்டுங்க" என்றார். இந்த முறை பட்டையைச் சொட்டச் சொட்ட நனைத்தார்.

மறுபடி அதே ஏற்றம். இப்போது அவர் பேசவில்லை. தொட்டிக்கடியில் நிறுத்தி, முன் கருவியைப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. இறங்கி நடந்து பின் கருவியைப் பார்த்தார். நூற்று அறுபத்தைந்து. சுற்றுக் கணக்கு இரண்டிலும் ஐம்பத்தேழு.

லிஃப்டில் இரண்டு மோட்டார் இருந்து ஒன்று மட்டும் சூடாக இருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அண்ணி" என்றார். "இவ்வளவு நாளும் நீங்களா இழுத்துட்டு இருந்தீங்க?"

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு இந்தக் கருவி நம்மளைக் காட்டிக் கொடுத்துடுச்சே" என்று சிரிக்கப் பார்த்தார்.

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்துதான். அன்னைக்கு உங்க கால்ல பலமே இல்ல தம்பி. பெடல்ல காலை வெச்சிருந்தீங்க, அவ்வளவுதான். சங்கிலியிலயே தெரிஞ்சுது. சரி, போகட்டும்னு மிதிச்சேன். நீங்க பயப்படாம ஹேண்டிலைப் பிடிச்சீங்க, அதுவே எனக்குப் பெரிசா இருந்துது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தேறிடுவீங்கன்னு நெனச்சேன். தேறவும் செஞ்சீங்க. ஆனா நான் மிதிக்கிறது உங்களுக்குப் பழகிப்போச்சு. உடம்பு தேறிடுச்சு, ஏத்தம் இவ்வளவுதான்னு நெனச்சுட்டீங்க."

"சொல்லியிருக்கலாமே அண்ணி!"

"சொன்னா அடுத்த ஞாயிறு வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும்.

"அப்போ, முன் சீட்டுக்கு ஆள் இல்லன்னு வந்து சொன்னது?"

"அது பொய் இல்ல, ஆளே இல்லதான். ஆனா யோசனை உங்க அண்ணனோடது. 'உடம்பைத் தேத்த வாடான்னு கூப்பிட்டா அவன் அசைய மாட்டான். உனக்கு உதவி வேணும்னு சொல்லு, அடுத்த நிமிஷம் செருப்பை மாட்டிட்டு நிப்பான்'னார். அதேதான் நடந்துது."

மெக்கானிக் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் வெட்கமாக இருந்தது. பதிமூன்று மாதமாக வேலையிடத்தில், டீக்கடையில், பார்க்கிறவர்களிடமெல்லாம் "பார்வை இல்லாத எங்க அண்ணியை வாரம் தவறாம நான்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று பெருமையடித்திருக்கிறார். கேட்டவர்கள் எல்லாம் "உங்களுக்குப் பெரிய மனசு" என்றார்கள். அவரும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வெட்கம் வடிந்த இடத்தில் வேறொன்று மெல்ல வந்து நிறைந்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு மனுஷி வாயைத் திறக்காமல் மூச்சு வாங்கியிருக்கிறார். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லிவிட்டு, வாரத்துக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், கொழுந்தனின் நுரையீரலுக்காக மிதித்திருக்கிறார்.

கண் கலங்கியது. அண்ணிக்குத் தெரியாது என்று துடைத்துக்கொள்ளாமல் விட்டார்.

"மூக்கை உறிஞ்சாதீங்க தம்பி" என்றார் அண்ணி. "எனக்கும் இதுல லாபந்தான். நீங்க வரலைன்னா எனக்கு ஏது ரோடு? என் காலுக்கு உங்க கண்ணு வேணும். நான் என்ன தானமா பண்ணினேன்?"

"இருந்தாலும் அண்ணி…"

"இருந்தாலும் என்ன? நன்றி சொல்லணும்னா நேராச் சொல்லிடுங்க. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். முட்டி வலிச்சதுக்காவது வாங்கிக்கணும்."

"ரொம்ப நன்றி அண்ணி" என்றார் அவர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அண்ணி அதை ஒரு தலையசைப்போடு வாங்கிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பும் முன் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் ஏதோ ஊர் பஸ் நிலையத்தில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அங்கே பெரிய சிரிப்பு.

"கண்டுபிடிக்க உனக்குப் பதிமூணு மாசம் ஆச்சா? லிஃப்டுல மாட்டிக்கிட்டவன் கதியை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

"உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன் அண்ணே. நன்றி."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "சரி சரி, பஸ் கிளம்புது" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்திருக்கும்.

மூன்றாவது ரகத்திலேயே இரண்டு வாங்கினார்கள். கடைக்காரம்மா அளவுகளைக் கேட்டு வைத்துக் கொடுத்தார். முன் கருவி துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டினால் பீப் அடிக்கும். பின் கருவிக்கு அண்ணி கேட்டது வேறு. "பெடல் சுத்து எழுபத்தஞ்சுக்குக் கீழ போனா அடிக்கணும். நிறுத்தாம அடிக்கணும். இவர் கியரைக் குறைக்கிற வரைக்கும்."

"இதையும் சொல்லிடுறேன்மா" என்றார் கடைக்காரம்மா. "ஏத்தத்துல உங்க துடிப்பும் கொஞ்சம் அதிகந்தான். இவர் பங்கை இவர் மிதிச்சா தானா இறங்கிடும்."

மறுநாள் ஞாயிறு. ஏரிக்கரைச் சாலையில் கிளம்பிய கால் மணி நேரத்துக்குள் பின் கருவி ஒன்பது முறை அலறியது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே கியரைக் குறைத்தார். பத்தாவது முறை அலறுவதற்கு முன்பே கை தானாகப் போனது. இலேசான கியரில் கால் விறுவிறுவென்று சுற்றியது. முதலில் அது குரங்கு சைக்கிள் ஓட்டுவது போலத்தான் இருந்தது அவருக்கு. போகப் போகத் தொடை இறுக்கம் தளர்ந்து, மூச்சும் மிதியும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

அணைக்கட்டு ஏற்றம் வந்தது. மெக்கானிக் பேச்சை நிறுத்திவிட்டு, இருக்கிற பலத்தை எல்லாம் காலில் இறக்கினார். நூற்றுப் பதினைந்து. நூற்று இருபத்தாறு. நூற்று முப்பத்திரண்டு. மார்பு விரிந்து சுருங்கியது. வலிக்கவில்லை. இத்தனை மாதம் கழித்துத் தன் நுரையீரல் முழுவதும் வேலை செய்வதை அவர் முதல்முறையாக உணர்ந்தார். பயந்த அளவுக்கு அது பலவீனமாக இல்லை.

பின்னாலிருந்து அண்ணி கேட்டார். "என்ன தம்பி, இன்னைக்கு ஏத்தத்தைச் சீவி எடுத்துட்டாங்களா? பெடல் பஞ்சா இருக்கே."

"நான் நூத்தி முப்பத்தாறு அண்ணி. உங்களோடது மேல போய்ப் பாத்துச் சொல்றேன்."

உச்சிக்குப் பத்து கஜம் இருக்கும்போது முன் கருவி பீப் அடித்தது. நூற்று நாற்பத்தொன்று. மெக்கானிக் இன்னும் இரண்டு மிதி மிதிக்கப் பார்த்தார்.

"நிறுத்துங்க" என்றார் அண்ணி. அது டெலிபோனில் டாக்டர்களையே காத்திருக்க வைக்கிற குரல். நிறுத்தினார். இறங்கி, மூச்சைச் சமன் செய்துகொண்டு, மீதி தூரத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தே ஏறினார்கள். மேலே போய்ப் பின் கருவியைப் பார்த்தார். அண்ணியின் அதிகபட்சம் நூற்று நாற்பத்து நான்கு.

"நேத்து இதைவிட இருபத்தாறு அதிகம்" என்றார். "அந்த இருபத்தாறை இனிமே என் கணக்குல வெச்சுக்குங்க."

"பாதி போதும்" என்றார் அண்ணி, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டே. "மீதி எனக்கு வேணும். சும்மா உட்கார்ந்து வர்றதுக்கா நான் வரேன்?"

இரண்டு மாதம் கழித்து நுரையீரல் டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, படியேறுகிற வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். "என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.

"எங்க அண்ணி என்னைக் கூட்டிட்டுப் போனாங்க டாக்டர்" என்றார் மெக்கானிக்.